நூற்று எண்பது புள்ளி ஒன்று

எமிலி டீச்சரின் அறையில் மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போகும் நேரம். மேசைக் கண்ணாடியின் மேல் ஒரு விடைத்தாள் கிடந்தது. அதன் மேல் ஞானதாஸ் சார் தன் சிவப்புப் பேனாவைப் பாரமாக வைத்திருந்தார். காற்றே இல்லாத அறையில் எதற்குப் பாரம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“வாசியுங்க டீச்சர்,” என்று என்னிடம் சொன்னார் எமிலி டீச்சர். எங்கள் தலைமையாசிரியை அவர். பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர்.

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வின் கணக்குத் தாள். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்று எண்பது பாகை என்று நிரூபிக்க வேண்டும். என் வகுப்பு அஜிதா இப்படி எழுதியிருந்தாள்: ‘கம்ப்யூட்டரில் நான் அளந்த முக்கோணத்தில் கூடுதல் 180.1 வந்தது. ஆகவே இந்தத் தேற்றம் எல்லா முக்கோணத்துக்கும் சரியில்லை.’

பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு பூஜ்யம்.

“நானும் எத்தனையோ வருசமா பேப்பர் திருத்துதேன்,” என்றார் ஞானதாஸ் சார். பத்தாம் வகுப்புக் கணக்கு அவருடையது. ஒன்பதின் தாள்களையும் அவர்தான் திருத்துவார். “தேற்றம் தெரியாத பிள்ளைகளைப் பாத்திருக்கேன். தேற்றமே தப்புன்னு எழுதின பிள்ளைய இப்பத்தான் பாக்குதேன். எல்லாம் உங்களுக்க கம்ப்யூட்டர் கிளாஸ் செய்த வேல.”

அந்தப் பூஜ்யத்தால் அஜிதா தேர்ச்சிக்கு இரண்டு மார்க் குறைந்து நின்றாள்.

“டி.சி. குடுத்து அனுப்பிரலாம்,” என்றார் எமிலி டீச்சர். தாழ்ந்த குரல்தான். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நூறு என்னும் நோய்

எங்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் போர்டு எழும்பும். ‘நூறு சதவீதம் தேர்ச்சி. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.’ அடியில் முதல் மூன்று பிள்ளைகளின் படம். எதிர்த்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். அதற்காகவே இடம் பார்த்துக் கட்டுவார்கள்.

முந்தின வருடம் எங்களுக்கு அந்த போர்டு இல்லை. ஒரே ஒரு பெண் தோற்றுப்போயிருந்தாள். எமிலி டீச்சர் அந்த ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை கண் வீங்கி வந்தார். அதை நான் பார்த்தேன் என்பதால் அவரை முழுதாக வெறுக்க என்னால் முடியவில்லை.

நூறு வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஒன்பதிலேயே களை எடுத்துவிடுவது. தோற்கும் என்று தோன்றும் பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து, “தனியா எழுதிக்கோ” என்று அனுப்பிவிடுவது. யாரும் தனியாக எழுதுவதில்லை. திருவட்டாறு, குலசேகரம் பக்கத்தில் அப்படி வெளியே போன பெண்பிள்ளைகளுக்கு ஒரே வழிதான். அண்டி ஆபீஸ். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு எங்கள் ஊரில் அப்படிப் பெயர். ஆபீஸ் என்றதும் நாற்காலியும் மேசையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு விரல் தோல் உரியும்.

அஜிதாவுக்கு அப்பா இல்லை. அம்மா சரோஜம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அக்கா ஏற்கெனவே அண்டி ஆபீஸில் இருந்தாள்.

“அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம டி.சி. குடுக்கப்பிடாது,” என்றேன். “அவ தெரியாம எழுதல்ல. பாத்ததைத்தான் எழுதியிருக்கா.”

ஞானதாஸ் சார் சிரித்தார். “அப்ப நாளைக்குக் காலம்பற கம்ப்யூட்டர் ரூமுக்கு வரட்டு. அந்தப் புள்ளி ஒண்ண எனக்குக் காட்டட்டு. பொறவு தேற்றத்த நிரூபிக்கட்டு. ரெண்டும் செய்தா இருக்கட்டு.”

எமிலி டீச்சர் யோசித்தார். “சரி. ஆனா லீலா டீச்சர், அதுவரைக்கும் நீங்க அவகிட்டப் பேசப்பிடாது. அவ சொல்லல்லன்னா டி.சி. மட்டுமில்ல, கணக்குக்கும் சயன்சுக்கும் இனி கம்ப்யூட்டர் வேண்டாம். பழையபடி டைப்பிங் படிக்கட்டும்.”

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு

அந்தக் கம்ப்யூட்டர்கள் வந்த கதை தனி. துபாயில் வேலை பார்த்த பழைய மாணவி ஒருத்தியின் கணவர் வாங்கிக் கொடுத்தார். முதுகு பருத்த பழைய மாடல். போதகர் வந்து ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணினார். தையல் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட உறை தைத்துக் கொடுத்தார். அறைக்குள் செருப்பு கூடாது. சாக்பீஸ் கூடாது, தூசி மெஷினுக்குள் போய்விடுமாம். திரையில் விரல் படவே கூடாது. சாவி எமிலி டீச்சரின் கைப்பையில், திருப்பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

பிரதிஷ்டை அன்று அசெம்பிளியில் அவர் ஒரு பிரசங்கமே செய்தார். “மனுசனுக்குத் தப்பு வரும் பிள்ளைகளே. கம்ப்யூட்டருக்குத் தப்பே வராது.” பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு வருடம் முழுக்க ஏ, எஸ், டி, எஃப் அடித்ததுதான் கம்ப்யூட்டர் படிப்பு. பிறகு நாகர்கோவிலில் கணக்கு டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். அங்கே ஒரு தம்பி திரையில் முக்கோணம் வரைந்து, அதன் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். முக்கோணம் நீண்டது, சாய்ந்தது, ஒல்லியானது. கோணங்கள் கூடவே மாறிக்கொண்டே இருந்தன. கரும்பலகையில் நான் வரைந்த முக்கோணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தவை என்று அப்போதுதான் தோன்றியது. சாப்பாட்டை மறந்தேன்.

திரும்பி வந்து எமிலி டீச்சரிடம் சாவிக்குக் கெஞ்சினேன். சயன்ஸ் டீச்சரையும் சேர்த்துக்கொண்டேன். இதயம் துடிப்பதை அவர் திரையில் காட்டினார். ஒரு பெண் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இதவிட வேகமா அடிக்கி டீச்சர்” என்று அழத் தொடங்கிவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தவே அந்தப் பீரியட் சரியாகப்போனது.

என் வகுப்பில் பிள்ளைகள் முக்கோணத்தை இழுத்து, மூன்று கோணங்களையும் தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். எல்லோரும் “நூற்றி எண்பது டீச்சர்” என்று கத்தினார்கள். நான் நிறைந்துபோனேன். அஜிதா கடைசி பெஞ்சில் கத்தாமல் இருந்ததை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எப்போதுமே சத்தம் குறைந்த பெண்.

அம்மாவோடு பேசலாம்

அன்று சாயங்காலம் அரிசி உலையில் கொதிக்க, சமையலறையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் எப்படி 180.1 காட்டும்? காட்டாது என்றால் அஜிதா பொய் சொல்கிறாள். பொய் சொல்கிற பெண் இல்லை அவள்.

மூன்று கோணம் எழுதினேன். 47.27, 61.37, 71.36. கூட்டினால் சரியாக நூற்று எண்பது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம்தான் காட்டும். மீதியைக் கிட்டத்தில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளிவிடும். 47.3, 61.4, 71.4. கூட்டினால் 180.1. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போனது மொத்தத்தில் தலைகாட்டிவிட்டது.

சிரித்தேன். சோறு பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. அடுத்த நிமிடமே பென்சிலைக் கீழே வைத்தேன். விடை என்னிடம் இருக்கிறது. சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் பஸ் நிறுத்தத்தில் அஜிதா அம்மாவோடு நின்றிருந்தாள். சரோஜம் பால் வெட்டிவிட்டு நேராக வந்திருக்க வேண்டும். சேலை முந்தானையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது, அந்தப் புளித்த வாடை வந்தது. என்னைக் கண்டதும் அஜிதா தலையைக் குனிந்துகொண்டு புளியமரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் பேசக் கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

சரோஜம் என் அருகில் வந்தாள். “டீச்சரே, நான் படிக்காதவ. ஒண்ணு மட்டும் கேக்கட்டா? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

எமிலி டீச்சர் அஜிதாவோடு பேசக் கூடாது என்றுதான் சொன்னார். அம்மாவோடு பேசக் கூடாது என்று சொல்லவில்லை.

“பொய் சொல்லாது சரோஜம். ஆனா முழுசும் சொல்லாது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. திற்பரப்பு போகிற பஸ் வந்து எங்கள் நடுவில் நின்றது. கூட்டத்தில் அவர்கள் முன்வாசலில் ஏற, நான் பின்வாசலில் தொற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடம் வரும்வரை அந்த இரண்டு தலைகளையும் எட்டி எட்டிப் பார்த்தேன். அம்மாவின் தலை ஒரு தடவை மகள் பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

சாக்பீஸ் கூடாது

கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் நான்கு பேர். எமிலி டீச்சர் நாற்காலியில், ஞானதாஸ் சார் ஜன்னலோரம், நான் கதவருகில். அஜிதா திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சரோஜம் வெளியே வராந்தாவில் இருந்தாள்.

அந்த வாரம் எங்கள் பக்கம் பத்து மணிக்குக் கரண்ட் போகும் முறை. சுவர்க் கடிகாரத்தில் பத்தாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

“ஏட்டி, புத்தகத்துல நூற்றி எண்பதுன்னு இருக்கா இல்லியா?” என்று கேட்டார் எமிலி டீச்சர்.

“இருக்கு டீச்சர்.”

“பின்ன ஏன் இப்படி எழுதுன?”

அஜிதா பாவாடையைப் பிடித்துக் கசக்கினாள். “புத்தகத்துல அச்சுப்பிழை வரும் டீச்சர். லீலா டீச்சர் எத்தனையோ இடத்துல திருத்திக்கிடச் சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டருக்குத் தப்பே வராதுன்னு அசெம்பிளியில நீங்க சொன்னீங்கல்லா.”

எமிலி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ள மறந்து அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டு. புள்ளி ஒண்ண காட்டு,” என்றார் ஞானதாஸ் சார்.

அவள் முக்கோணம் வரைந்து மூலையை இழுத்தாள். மூன்று கோணங்களையும் ஞானதாஸ் சார் தன் தாளில் எழுதிக் கூட்டினார். நூற்று எண்பது. மறுபடி இழுத்தாள். நூற்று எண்பது. மறுபடியும் அதேதான். மவுஸைப் பிடித்திருந்த அவள் கை வியர்த்து வழுக்கியது. ஞானதாஸ் சார் ஒவ்வொரு முறையும் விடையைச் சத்தமாகச் சொன்னார். எனக்கு அவர் பேனாவைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

விசிறி சுற்றுவது மெதுவாகி நின்றது. யு.பி.எஸ். கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. எங்கள் யு.பி.எஸ்ஸின் ஆயுள் ஒரு குளியல் நேரம்கூட இல்லை.

“போதும்,” என்றார் எமிலி டீச்சர்.

“இன்னொரு தடவ டீச்சர்,” என்றாள் அஜிதா. இழுத்தாள்.

ஞானதாஸ் சார் எழுதினார். கூட்டினார். இந்த முறை சத்தமாகச் சொல்லவில்லை. கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினார். தாளை எமிலி டீச்சரிடம் நீட்டினார். 180.1.

“எல்லாருக்கும் எப்பமாச்சும் இப்படி வந்துது சார்,” என்றாள் அஜிதா. “அவங்க அழிச்சு நூற்றி எண்பதுன்னு எழுதுனாங்க. நான் அழிக்கல்ல.”

அன்றைக்கு என் வகுப்பு கத்திய கத்தல் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

“அப்ப எது சரி? தேற்றமா, மெஷினா? நிரூபி.” ஞானதாஸ் சாரின் குரலில் முந்தின கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அஜிதா திரையைப் பார்த்து நின்றாள். யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். பிறகு முக்கோணத்தின் உச்சி வழியாக, அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போட்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சரியான கோடு அது. அந்த நேரம் பார்த்துத் திரை அணைந்தது.

யு.பி.எஸ்ஸின் கத்தலும் நின்றது. சாக்பீஸ் இல்லை, கரும்பலகையும் இல்லை. “வெளியே போய்...” என்று நான் வாயெடுத்தேன். எமிலி டீச்சர் கையைக் காட்டி அடக்கினார்.

அஜிதா விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். எந்த விரல் படக் கூடாது என்று நாங்கள் மிரட்டி வைத்திருந்தோமோ, அந்த விரல். உறை போட்டு மூடினாலும் அந்தப் பழைய திரைகள் தூசியை இழுத்து வைத்திருக்கும். கறுத்த கண்ணாடித் தூசியில் முக்கோணம் வந்தது. உச்சியில் இணைகோடு வந்தது.

“இந்தக் கோணமும் இதுவும் ஒண்ணு. ஒன்றுவிட்ட கோணம். இந்தப் பக்கமும் அதேபோல. நடுவுல உள்ளது உச்சிக் கோணம். மூணும் சேந்து இந்தக் கோட்டுல உக்காந்திருக்கு சார். கோடு நேராத்தானே இருக்கு. நேர்கோட்டுல நூற்றி எண்பதுதான் கொள்ளும். எந்த முக்கோணமானாலும் அவ்வளவுதான்.”

“அப்ப அந்தப் புள்ளி ஒண்ணு?”

அவள் வராந்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “கம்ப்யூட்டர் முழுசும் சொல்லல்ல சார். ஒரு புள்ளியோட நிறுத்திட்டு. கோட்டுல கூடுதல் இல்ல. அது சுருக்கிச் சொன்னதுலதான் கூடிப்போச்சு.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஞானதாஸ் சார் தூசி முக்கோணத்தைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “டீச்சர், நான் மார்க்க மாத்த மாட்டேன்,” என்றார். “பேப்பர்ல எழுதுனது தப்பு. தப்புக்கு மார்க் கிடையாது.”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆனால் அவர் சொன்னது நியாயம். நானாக இருந்தாலும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன், கொஞ்சம் சின்னதாக.

“ஆனா,” என்றார் அவர், “பிள்ளைய எனக்க கிளாஸ்ல போடுங்க.”

இனி எமிலி டீச்சர் ஒருவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். மார்க் குறைந்த பிள்ளையையும் மேல்வகுப்புக்கு ஏற்றிவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஏற்றிவிட்டு, அடுத்த வருடம் அவள் தோற்றால் ஜங்ஷனில் போர்டு இல்லை.

“ஏட்டி, நீ தோத்துட்டா நான் கோயிலுக்குப் போக முடியாது. தெரியுமா?” என்றார்.

“தெரியும் டீச்சர்.”

“பின்ன போய்ப் படி.”

வராந்தாவில் சரோஜம் எழுந்து நின்றாள். என்ன நடந்தது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையில் காய்ந்திருந்த ரப்பரை உரித்து உரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தால் அப்படித்தான் போலிருக்கிறது.

கூட்டிப் பாரு

அந்த ஒரு வருடம் எமிலி டீச்சருக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழாவுக்கு லீவு விட்ட அன்றும் அஜிதாவை வரவழைத்து உட்கார வைத்தார். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, ஹால் டிக்கெட்டுகளைப் பலிபீடத்தின்மேல் வைத்து ஜெபித்தபோது போதகர் முடித்த பிறகும் இவர் முடிக்கவில்லை. ஞானதாஸ் சார் தன் பங்குக்கு, கம்ப்யூட்டர் அறைச் சாவியை எமிலி டீச்சரிடம் தானே கேட்டு வாங்கிப்போனார். முக்கோணத்தை இழுத்துக் காட்டிவிட்டு, “இப்ப நிரூபி” என்பாராம்.

ரிசல்ட் அன்று அதே அறை. இன்டர்நெட் வந்திருந்தது, வேகம் வரவில்லை. அஜிதாவின் பதிவெண்ணை நான் தட்டினேன். திரையில் ஒரு வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எமிலி டீச்சர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். அவர் விரல் நகம் என் தோளில் பதிந்தது. நகர்த்தச் சொல்லத் தைரியமில்லை.

பக்கம் திறந்தது. ஐந்து பாடம், ஐந்து மார்க், அடியில் மொத்தம். கணக்கில் அறுபதைத் தாண்டியிருந்தாள். நான் “பாஸ்” என்று எழுந்தே விட்டேன்.

“நீங்க சொல்லாண்டாம்,” என்றார் எமிலி டீச்சர். திரையைவிட்டு அவர் கண் நகரவில்லை. “அஜிதா, இங்க வா. அது போட்டிருக்குத மொத்தத்தப் பாக்காத. நீ கூட்டிப் பாரு.”

அவள் குனிந்து, உதட்டை அசைத்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக் கூட்டினாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். சரோஜம் இந்த முறை அறைக்குள் நின்றாள், செருப்பைக் கழற்ற மறந்து.

“சரியாத்தான் இருக்கு டீச்சர்,” என்றாள் அஜிதா.

“இன்னொருக்கா கூட்டு,” என்றார் எமிலி டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.